அழையாமல் வரும் வியாபாரம்

சென்ற மாதம் ஈரோடு மாவட்டத்திலுள்ள ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வேலை முடிந்து திரும்பும் வழியில் அங்கத்தினர் ஒருவருடைய வீட்டில், தறிக்குழிக்கு அருகே, சிறிது நேரம் உட்கார நேர்ந்தது. அறுபது வயதைக் கடந்த பெரியவர். மிதியிலே காலும் நாடாவிலே கண்ணுமாகப் போர்வை நெய்துகொண்டிருந்தார். நாம் அங்கிருந்த அரைமணி நேரத்திற்குள் அவருடைய கைபேசி நான்கு முறை ஒலித்தது. ஒவ்வொரு முறையும் அவர் தறியை நிறுத்தினார். துண்டில் கையைத் துடைத்தார். கருவியை எடுத்துக் காதில் வைத்தார். முதலில் வந்தது, கடன் வேண்டுமா என்ற கேள்வி. அடுத்தது ஆயுள் இன்ஷூரன்ஸ். மூன்றாவது, கோவைக்கு அருகே வீட்டுமனை. நான்காவதாகப் பேசியது மனிதக் குரலே அன்று. பதிவு செய்து வைத்த யந்திரக் குரல். "வேண்டாமுங்க அம்மணி, வேண்டாமுங்க" என்று அந்த யந்திரத்திற்கும் அவர் மரியாதையோடு விடை சொன்னதைக் கேட்டபோது, சிரிப்பதா வருந்துவதா என்று நமக்கு விளங்கவில்லை.

"தெரியாத நம்பராக இருந்தால் எடுக்காமல் விட்டுவிடலாமே, ஐயா" என்றோம்.

"அதெப்படிங்க சார் உடறது? பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறானுங்க. அவன் கூட்டாளி போன்ல இருந்து கூப்பிட்டான்னா? சங்கத்துல நூல் வந்திருக்குதுன்னு புது நம்பர்ல இருந்து சொன்னாங்கன்னா?" என்றார் பெரியவர்.

விஷயம் முழுவதும் இந்த விடையில் அடங்கியிருக்கிறது. அவர் அந்த அழைப்புகளை எடுத்தது ஆசையினால் அன்று. வரவேண்டிய நல்ல அழைப்பு ஒன்று தவறிவிடக்கூடாதே என்ற கவலையினால். அந்தக் கவலையைத்தான் இந்த வியாபாரம் முதலாகப் போட்டு நடக்கிறது. நெசவாளருக்குக் கூலி நெய்த அளவுக்கே கிடைக்கும். தறி நின்ற நேரத்திற்கு ஈடு செய்வார் எவருமில்லை. மடை மாற்றிக்கொண்டிருக்கும்போது சேற்றுக் கையோடு கரைக்கு ஓடிவரும் குடியானவரின் நிலைமையும் இதுவே. இதனை ஒரு சிறு தொந்தரவு என்று தள்ளிவிடாமல், சங்கங்கள் கவனிக்க வேண்டிய காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் கீழே கூறுகிறோம்.

கைபேசியினால் நமக்கு விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஈரோட்டிலும் பெருந்துறையிலும் கோபிசெட்டிபாளையத்திலும் அன்றைய ஏலத்தில் விரலி என்ன விலைக்குப் போயிற்று, கிழங்கு என்ன விலைக்குப் போயிற்று என்பது மாலைக்குள் தோட்டத்துக் குடிசைக்கே தெரிந்துவிடுகிறது. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாளும், சங்கத்தில் நூல் வந்த செய்தியும் வீடு தேடி வருகின்றன. ஆனால் நல்ல செய்தி வருகின்ற அதே வாசல் வழியாக வேண்டாத வியாபாரமும் நுழைந்துவிட்டது.

வீடு தேடி வரும் விற்பனை நம் நாட்டுக்குப் புதிதன்று. பாத்திரக்காரரும் வளையல்காரரும் திண்ணைக்கு வந்தார்கள். வேண்டாம் என்றால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பினோம். அவர்களுக்கு முகம் இருந்தது, ஊர் இருந்தது, அடுத்த மாதமும் அதே தெருவில் தலைகாட்ட வேண்டிய கட்டாயம் இருந்தது. ஆதலால் அவர்களுடைய சாமர்த்தியத்திற்கும் ஓர் எல்லை இருந்தது. தொலைபேசியில் வருபவருக்கோ முகமும் இல்லை, ஊரும் இல்லை. இன்று பேசிய எண் நாளைக்கு இராது. கண்ணபுரத்துத் தேர்ச் சந்தையிலும் அந்தியூர்ச் சந்தையிலும் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நடக்கவிட்டுப் பார்க்காமல் மாடு வாங்காத நம்மவர்கள், கண்ணால் காணாத ஒருவர் சொல்லை நம்பிப் பல்லாயிரம் ரூபாய்க்குச் சம்மதம் சொல்லுவது விந்தையன்றோ?

இதிலே முக்கியமாகக் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. தேடி வந்த கடனிலிருந்து குடியானவரையும் நெசவாளரையும் காப்பாற்றுவதற்காகத்தான் கூட்டுறவே பிறந்தது. 1887-ஆம் ஆண்டில் கோயமுத்தூர் ஜில்லாவின் விவரத் தொகுதியை எழுதிய ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியே, பின்னர் விவசாய வங்கிகளைப் பற்றி ஆராய்ந்து 1895-லும் 1897-லும் சென்னை அரசாங்கத்திற்கு அறிக்கைகள் கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் ஏற்படுத்திய கிராம நாணய சங்கங்களை நம் நாட்டிலும் அமைக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. நூலை முன்பணமாகத் தந்து நெசவாளரைக் கட்டிப்போட்ட வழக்கத்திற்கு மாற்றாக நெசவாளர் சங்கங்கள் தோன்றின. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியது. அக்காலத்து வட்டிக்காரர் கேளாமலே கடன் கொடுக்க வந்தார். அவசரத்தில் இருப்பவரைத் தேர்ந்து வந்தார். யோசிக்க அவகாசம் கொடாமல் கைநாட்டு வாங்கிக்கொண்டார். இன்று "ஐந்தே நிமிஷத்தில் கடன்" என்று பேசும் குரல் செய்வதும் இந்த மூன்றையுமே. வாகனம் மாறியிருக்கிறதே அல்லாமல் வண்டி பழைய வண்டிதான்.

வேறொரு சங்கத்தில் நாம் கண்ட ஒரு விவரத்தைச் சொல்லுகிறோம். அங்கத்தினர் ஒருவருக்கு மகளின் கலியாணச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. கடன் தருவதாக ஓர் அழைப்பு வந்தது. கடன் மஞ்சூராவதற்கு முன்னால் ஒரு பாலிசி எடுக்க வேண்டும் என்றும், அந்தத் தொகை பிறகு கடனில் கழிந்துவிடும் என்றும் பேசியவர் சொன்னார். இவர் 30,000 ரூபாய் கட்டினார். பாலிசி வந்தது, கடன் வரவில்லை. வந்த பத்திரத்தைப் படிக்காமல் பெட்டியில் வைத்துவிட்டார். பாலிசி கைக்குக் கிடைத்த 30 நாட்களுக்குள், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட உரிமை உண்டு. சிறு பிடித்தங்கள் போகப் பணம் திரும்பி வரும். அந்த 30 நாட்கள் கழிந்து ஏழு மாதங்களுக்குப் பிறகே பத்திரம் நம் கையில் வந்து சேர்ந்தது. அவருக்கு நாம் சொல்லக் கூடியதாக ஆறுதலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

இனி, இவ்விஷயத்தில் சட்டம் செய்திருப்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டில், விற்பனை அழைப்பு வேண்டாதவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளும் தேசியப் பட்டியல் ஏற்பட்டது. நம் நாட்டில் அத்தகைய பட்டியல் 2007-இல் வந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2010-இல் புதிய விதிகளைச் செய்தது. அவற்றின் இடத்தில் 2018-இல் இன்னும் விரிவான விதிகள் வந்தன. அவை 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்டன. அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சிலவே.

முதலாவது, 1909 என்ற எண்ணை அழைத்து, வியாபார அழைப்புகள் எதுவுமே வேண்டாம் என்றோ, இன்னின்ன வகை வேண்டாம் என்றோ பதிந்துகொள்ளலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டாவது, முறைப்படி பதிவு பெற்ற விற்பனை அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வங்கி முதலிய நிதி நிறுவனங்களும் அரசாங்கமும் தம் வாடிக்கையாளருடன் அலுவல் நிமித்தமாகப் பேசுவதற்கு 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. நம்மைப் போன்றோர் வைத்திருக்கும் சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து விற்பனைக்கு அழைப்பது விதிக்கு விரோதம். மூன்றாவது, விரோதமான அழைப்பு வந்தால் ஏழு நாட்களுக்குள் 1909-க்குப் புகார் செய்யலாம். அழைத்த எண், தேதி, பேசிய விஷயத்தின் சுருக்கம் ஆகிய மூன்றும் போதும். பட்டியலில் தம்மைப் பதிந்துகொள்ளாதவர்களும், பதிவு பெறாமல் அழைப்பவர்மீது இப்போது புகார் சொல்லலாம்.

நான்காவது விதியே நமக்கு மிக முக்கியமானது. பதிவு பெறாத ஓர் எண்ணின்மீது பத்து நாட்களுக்குள் ஐந்து புகார்கள் சேருமானால், அந்த எண்ணின்மீது நடவடிக்கை எடுப்பதற்குரிய அளவு எட்டிவிடுகிறது. 2025-க்கு முன்னர் ஏழு நாட்களில் பத்துப் புகார்கள் வேண்டியிருந்தன. ஒருவர் செய்யும் ஒற்றைப் புகார் பெரும்பாலும் பலனின்றிப் போவதும், ஐவர் சேர்ந்தால் பலன் கிடைப்பதும் இதனால்தான். இதைப் படித்தபோது, விதியை எழுதியவர்கள் கூட்டுறவுத் தத்துவத்தை அறிந்தே எழுதினார்களோ என்று நமக்குத் தோன்றியது! அழைப்பவர்கள் எண்களை வரிசையாக அழைக்கிறார்கள். ஆகவே ஒரே தெருவில் பத்து வீடுகளுக்கு ஒரே எண்ணிலிருந்து அழைப்பு வருவது சாதாரணம். பத்து வீட்டாரும் தனித்தனியே சலித்துக்கொண்டு மறந்துவிடுகிறோம். முந்நூறு அங்கத்தினர் உள்ள ஒரு சங்கத்தில் ஐந்து புகார்களைப் பத்து நாட்களில் சேர்ப்பது அரிய காரியமா? தனிமரம் தோப்பாகாது என்பதை நமக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் வியாபாரியைத்தான் கட்டுப்படுத்தும்; திருடனுக்கு அது வேலியாகாது. நம் அங்கத்தினரைக் குறிவைத்து வரும் மோச அழைப்புகள் சிலவற்றை இங்கே குறிப்பிடுவது அவசியம். உங்கள் காட்டில் கைபேசிக் கோபுரம் நிறுவுகிறோம், மாதம் இவ்வளவு வாடகை, முன்னதாக இன்ன கட்டணம் அனுப்புங்கள் என்பது ஒன்று. கோபுரம் நிறுவுவதற்காக ஒழுங்குமுறை ஆணையம் எவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை என்று பலமுறை அறிவித்திருக்கிறது. சூரிய சக்திப் பம்புசெட்டுக்கு மானியம் வந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பது மற்றொன்று. 2019-இல் வந்த பி.எம். குசும் திட்டத்தின் பெயரால் போலி இணையதளங்கள் உலவுவதாக மத்திய அரசாங்கமே எச்சரித்திருக்கிறது. நம் மாநிலத்தில் அதற்கு அணுக வேண்டியது வேளாண்மைப் பொறியியல் துறையை. பி.எம். கிசான் தவணை நின்றுவிடும், நாங்கள் அனுப்பும் செயலியைத் திறவுங்கள் என்பது மூன்றாவது. உங்கள் பழைய பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கிறது என்று இன்ஷூரன்ஸ் ஆணையத்தின் பெயரால் பேசுவது நான்காவது. அந்த ஆணையம் பாலிசி விற்பதுமில்லை, போனஸ் கொடுப்பதுமில்லை.

இவை எல்லாவற்றிற்கும் ஒரே ஒரு பரிசோதனை போதும். பணம் தருகிறேன் என்று சொல்பவர் முதலில் நம்மிடம் பணம் கேட்டாலும், ஓ.டி.பி. என்னும் இரகசிய எண்ணைக் கேட்டாலும், இப்போதே செய்ய வேண்டும் என்று அவசரப்படுத்தினாலும் அது மோசம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைத்துச் சொல்ல வேண்டும். பணம் மோசக்காரருடைய கணக்கிலிருந்து வெளியேறுவதற்கு முன் தடுத்து நிறுத்தக் கூடுமாதலால், இதில் ஒவ்வொரு நிமிஷமும் பொன் போன்றது. 2012-இல் பெருந்துறைப் பக்கத்தில் ஈமுக் கோழித் திட்டங்கள் சரிந்து விழுந்தபோது நம் பகுதியில் எத்தனை குடும்பங்கள் தத்தளித்தன என்பதை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஏமாந்தவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். கணக்குத் தெரிந்த சிக்கனக்காரர்களே. ஆகவே ஏமாந்தவரை ஏளனம் செய்யும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். ஏளனத்திற்கு அஞ்சி மறைப்பதனால்தான் அடுத்த வீட்டாரும் ஏமாறுகிறார்.

இதுவரை பிறர் குற்றத்தைப் பேசினோம். நம் குற்றத்தையும் பேசாவிட்டால் நியாயமாகாது.

அங்கத்தினர்களின் பெயரும் எண்ணும் அழைப்பவர்களுக்கு எப்படிக் கிடைக்கின்றன? பல வழிகள் உண்டு. சங்கமும் அவற்றுள் ஒன்றாக இருக்கலாகாது. ஒரு சங்கத்தில், அங்கத்தினர் பெயர், கைபேசி எண், கடன் பாக்கி ஆகிய மூன்றும் எழுதிய நோட்டு, யாரும் புரட்டிப் பார்க்கும்படி மேஜைமேல் கிடந்ததைக் கண்டோம். இன்னொரு சங்கத்தில், பொங்கலுக்கு இலவசக் காலண்டர் அச்சிட்டுத் தந்த ஒரு வியாபாரிக்கு அங்கத்தினர் பட்டியல் முழுவதையும் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவருக்குக் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. அது கொடுக்கத் தகாதது என்ற நினைவே அவருக்கு எழவில்லை. ஒரு காரியத்திற்காகப் பெற்ற விவரத்தைச் சம்மதமின்றி மற்றொரு காரியத்திற்குப் பயன்படுத்தலாகாது என்பது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பெட்டிச் சாவியைப் போலவே அங்கத்தினர் பதிவேடும் நம்பிக்கையின் பேரில் நம்மிடம் இருப்பது. சாவியை எவரும் காலண்டருக்காகக் கொடுத்துவிடுவதில்லை.

இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரிது. அங்கத்தினர் ஏன் அந்தக் கடன் குரலுக்குச் செவி சாய்க்கிறார்? அது இனிமையாகப் பேசுகிறது. உடனே தருகிறேன் என்கிறது. நம் சங்கங்களில் நகைக் கடன் நீங்கலாக மற்றக் கடனுக்கு மனுக் கொடுத்தவர் எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கிறது! செயலாளர் இல்லை, நாளைக்கு வாருங்கள். படிவம் தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை வாருங்கள். மேலிடத்து உத்தரவு வரவில்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்லுகிறோம். இந்தத் தாமதத்தில் நம்மைப் போன்ற ஆய்வாளர்களுக்கும் பங்கு உண்டென்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுகிறோம். மேலே சொன்ன கலியாணச் செலவுக்காரர் முதலில் சங்கத்திற்குத்தான் வந்தார் என்பதைப் பின்னர் மனுப் புத்தகத்தில் கண்டோம். நாற்பது நாட்கள் அந்த மனுவுக்கு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நம் வாசல் அடைத்திருந்ததனால்தான் அவர் அடுத்த வாசலுக்குப் போனார்.

ஓர் ஆட்சேபத்திற்கு இங்கே விடை கூற வேண்டும். வியாபாரம் செய்பவன் வாடிக்கையாளரை அழைக்காமல் எப்படி விற்பான் என்று சிலர் கேட்கிறார்கள். நம் சங்கங்களும் தீபாவளிக்கு முன் போர்வையும் சேலையும் விற்பதற்குத் தொலைபேசியில் பேசத்தானே செய்கின்றன? உண்மையே. ஆனால் முன்பு நம்மிடம் வாங்கி, புதுச் சரக்கு வந்தால் சொல்லுங்கள் என்று தாமே எண்ணைத் தந்தவரை அழைப்பது வேறு. எங்கோ கிடைத்த பட்டியலை வைத்துக்கொண்டு ஊரையெல்லாம் எழுப்புவது வேறு. முன்னது உறவு, பின்னது உபத்திரவம். இந்த வேற்றுமையை நம் சங்கங்களும் தம் விற்பனையில் அனுசரிக்க வேண்டும். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும்.

மற்றொன்று. அழைத்துப் பேசும் பிள்ளைகளில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகளே. கோவையில் பட்டம் பெற்று, வேறு வேலை கிடைக்கும் வரையில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் வசவு வாங்கும் பெண்கள் எத்தனையோ பேர். எத்தனை பேரிடம் பேசினாய், எத்தனை விற்றாய் என்று அவர்களுக்கும் கணக்கு உண்டு. அவர்களைத் திட்டுவதனால் முதலாளிக்கு நஷ்டமில்லை. ஆனால் மரியாதை என்பது நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருப்பதும் அன்று. "வேண்டாம் அம்மணி, இனி அழைக்க வேண்டாம்" என்று ஒரு வாக்கியம் சொல்லி வைத்துவிடுவதே இருவருக்கும் நல்லது. வேண்டாம் என்ற பிறகு காரணம் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இல்லை; காரணம் சொன்னால் அதற்கு மறுமொழி அவர்களிடம் எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது.

முடிவாக, ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகக் குழுவும் அடுத்த கூட்டத்திலேயே செய்யக் கூடியவை நான்கு. அலுவலகத்திற்கு வரும் அங்கத்தினருக்கு 1909-இல் பதிந்துகொள்ள ஒரு சிப்பந்தி உதவி செய்யட்டும். தொந்தரவு செய்யும் எண்களை எழுதிவைக்க வாசலில் ஒரு பலகை இருக்கட்டும். ஒரே எண்ணை ஐவர் எழுதினால் ஐவரையும் அன்றே புகார் செய்யச் சொல்லட்டும். அங்கத்தினர் பதிவேட்டை வெளியாருக்குக் கொடுப்பதில்லை என்று தீர்மானம் எழுதட்டும். கடன் மனு எதுவாயினும் பதினைந்து நாட்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் விடை கொடுக்கட்டும். கடைசித் தீர்மானம் நிறைவேறுகிறதா என்பதை நம் அடுத்த ஆய்வில் முதற் காரியமாகப் பார்ப்போம். அது நிறைவேறத் தடையாயிருப்பது நம் பக்கத்துத் தாமதமானால், அதையும் ஆய்வுக் குறிப்பில் எழுதுவோம்.

தறிக்குழியிலிருந்த அந்தப் பெரியவருடைய எண்ணை அன்றே 1909-இல் பதிந்து கொடுத்துவிட்டு வந்தோம். சங்கத்திலிருந்து எந்த எண்ணில் பேசுவார்கள் என்பதையும் எழுதி, தறிக்கு நேரே சுவரில் ஒட்டிவிட்டோம். ஐந்து நிமிஷ வேலை. இதை எல்லா அங்கத்தினருக்கும் செய்து கொடுக்க முடியாத அளவுக்கு நம் சங்கங்கள் ஏழைகள் அல்ல.